நங்கூர வின்ச் மோட்டாருக்கு எந்தக் கான்டாக்டர் சரி?

நண்பர்களே, படகில் நங்கூரம் தூக்கும் வின்ச்சுக்கு 12 வோல்ட், 1000 வாட் டிசி மோட்டார். அதற்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் ரிலே பெட்டி (கான்டாக்டர்) உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும். கணக்குப்படி சுமார் 83 ஆம்பியர்; நங்கூரம் பாறையில் மாட்டி மோட்டார் திணறினால் பல மடங்கு ஏறும். கார் ஸ்டார்ட்டர் சொலினாய்டு மலிவுதான், ஆனால் அது சில விநாடி வேலைக்கானது. சங்கிலி முழுக்க ஏற நிமிடக்கணக்கில் ஆகுமே, தாங்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

மோட்டாரில் இரண்டு முனைதான். அதனால் ஏற்றவும் இறக்கவும் துருவம் (பிளஸ், மைனஸ்) மாற்றித் தரும் கான்டாக்டர் வேண்டும் (மூன்று முனை மோட்டாருக்கான பெட்டி இதற்குச் சேராது). நீர் புகாத 150 ஆம்பியர் வகை போதுமா, 200க்குப் போகணுமா? பிரேக்கர் அளவை மோட்டாரைப் பார்த்து எடுப்பதா, கேபிளைப் பார்த்தா? மாட்டி ஓட்டியவர்கள் சொல்லுங்களேன்.