வாராந்த வளமூட்டல் வகுப்பு: மனத்தை விட்டுப் போகாத ஒரு நிகழ்வு (அனுபவப் பகிர்வு)

தரம் 4 ஆசிரியை, ஹட்டன் பக்கம்

பாடநூலுக்கு அப்பால் பிள்ளைகள் செய்துபார்த்துக் கற்கும் புதன்கிழமை வளமூட்டல் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை இங்கு எழுதும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்க வேண்டியதில்லை. அச்சிட்ட செயலட்டை வரும், பொருட்களை நாம் தேடுவோம், பிள்ளைகள் செய்வார்கள், நிரப்பிய அட்டைகள் கோப்புக்குள் போகும். அந்த வாரத்து அட்டை நீரின் கொதிநிலை பற்றியது. மண்ணெண்ணெய் அடுப்பை நானே பற்றவைத்து, பிள்ளைகளைச் சோக்குக் கோட்டுக்கு அப்பால் இருத்தி, ஒவ்வொருவராக அழைத்து வெப்பமானியை வாசிக்கச் செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோதும் வெப்பமானியின் திரவம் 96 பாகைக்கு அருகில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அதிகம் பேசாத பிள்ளை ஒருத்தி முதலில் 96 என்று எழுதினாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த, நீரின் கொதிநிலை 100 என்று காட்டும் பழைய விளக்கப்படத்தைப் பார்த்தாள், அழிரப்பரை எடுத்தாள், தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்துவிட்டு 100 என்று எழுதினாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "வாசிச்சது தொண்ணூற்றாறு டீச்சர், விடை நூறு" என்றாள்.

அவளுடைய குரலில் தயக்கம் இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். வாசித்தது வேறு, விடை வேறு என்பது அவளுக்கு வெகு காலத்துக்கு முன்பே தீர்ந்துபோன விடயம் போலிருந்தது. ஒன்பது வயதுக்குள் இந்தப் பாடத்தை எந்த வகுப்பில் படித்திருப்பாள் என்ற கேள்வி என்னை விடவில்லை. உங்கள் வகுப்புகளில் இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆசிரியர், கண்டி

வெப்பமானியைச் சோதித்தீர்களா? வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் மலிவான வெப்பமானிகள் இரண்டு மூன்று பாகை பிழையாகக் காட்டுவது வழக்கம். உருகும் பனிக்கட்டிக்குள் முதலில் வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டாவிட்டால் கோளாறு அதில்தான் உள்ளது. எங்கள் வகுப்பில் 98 வந்தது. வெப்பமானியின் குமிழைப் பாத்திரத்தின் அடியில் முட்ட வைத்த ஒரு பையனுக்கு மட்டும் 100-ஐத் தாண்டியது. அவன் அன்று முழுவதும் வெற்றி வீரனைப் போல நடந்துகொண்டான். கருவி சரியில்லாத இடத்தில் பிள்ளையின் மனத்தை ஆராய்வது அவசரம் என்பது என் கருத்து.

ஒரு தாய், நுவரெலியா

கண்டி ஆசிரியர் மன்னிக்க வேண்டும். கோளாறு வெப்பமானியில் இல்லை, மலையில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் இறங்கும் என்று கணக்கிட்டால், 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் 96 வருவதுதான் முறை. கண்டி 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது, ஆகவே உங்களுக்கு 98 வந்ததும் சரியே. நுவரெலியா 1,868 மீற்றர். இங்கே பிரஷர் குக்கர் இல்லாத வீட்டில் கடலை அவிப்பவர்களிடம் கேட்டால் இந்த உண்மையைப் பொறுமையிழந்த குரலில் சொல்வார்கள்.

என் மகன் இதே அட்டையைச் செய்துவிட்டு வந்த நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். வெகு நேரம் கேட்டபின்தான் காரணத்தைச் சொன்னான்: "நம்ம ஊர்த் தண்ணி தொண்ணூற்று நாலுதாம்மா எடுத்திச்சு." நூறுக்கு எத்தனை என்று கேட்டுக் கேட்டு வளர்க்கிற வீட்டில் தண்ணீருக்கும் புள்ளி போடப்படும் என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. அவனுடைய அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே பிள்ளைக்கு இந்தக் கவலை வந்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

ஆசிரியர், பண்டாரவளை

கொதிநிலை பற்றிய வாதத்தை நுவரெலியா அம்மா முடித்துவைத்துவிட்டார், ஆகவே மழைமானி பற்றி எழுதுகிறேன். நேர்ச்சுவர் உள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியிலுள்ள வளைவைக் கூழாங்கல்லாலும் நீராலும் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தை (அளவுகோலை) பக்கத்தில் ஒட்டும், அட்டையிலுள்ள செயற்பாடுதான். பெரிய போத்தலில் அதிக மழை விழும், ஆகவே அளவும் கூடும் என்று பாதி வகுப்பு வாதிட்டது. அகலமான போத்தலையும் ஒடுங்கிய போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே உயரம் வந்ததைக் கண்டபிறகும் இருவர் நம்பவில்லை. அவர்களை நான் வற்புறுத்தவில்லை. நம்பாதவர்கள்தான் அதன்பின் தவறாமல் அளந்தார்கள்.

வட்டவளைப் பக்கத்தில் என்னுடன் கல்வியியற் கல்லூரியில் படித்த நண்பர் கற்பிக்கிறார். இரண்டு வகுப்பும் வாரந்தோறும் அளவுகளைக் கடிதத்தில் பரிமாறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தோம். வட்டவளை இலங்கையின் மிக ஈரமான இடங்களில் ஒன்று; ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் அந்தச் சரிவில் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. எங்களுக்கான மழை ஐப்பசியை ஒட்டித்தான் தொடங்கும். இதை நானும் நண்பரும் அறிவோம், பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே சொல்லவில்லை. ஜூன் மாதத்தில் எங்கள் பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் பூச்சியம் அனுப்பினார்கள், அங்கிருந்து போத்தல் நிரம்பி வழிந்ததாகக் கடிதம் வந்தது. பிறகு ஒரு கடிதம், உருண்டையான கையெழுத்தில், ஒரேயொரு கேள்வியுடன் வந்தது: "உங்கள் போத்தலில் ஓட்டை இருக்கிறதா?"

வகுப்பு கொதித்தெழுந்தது. சிலர் உண்மையாகவே போத்தலைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். ஒரு மாணவி மட்டும், மழை எழுத வேண்டிய பத்தியில் அந்த வாரம் பூச்சியத்துக்குப் பதிலாகக் "காற்று" என்று எழுதி அனுப்பினாள். பார்வையிட வந்த அலுவலர் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இத்தனை பூச்சியங்கள் இருந்தால் வேலை நடக்காதது போலத் தெரியும், ஏதாவது அளவுகளை இட்டு நிரப்பக் கூடாதா என்று கேட்டார். அளவுகளை இட்டு நிரப்பவில்லை, பதிவேடு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஹட்டன் ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடை அந்த அலுவலரின் வாக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பல்கலைக்கழக மாணவி, தலவாக்கலை

நான் தரம் 4-இல் இருந்தபோது நடந்தது. "தொழில்களை அறிவோம்" என்ற வாரத்தில் தபாற்காரர் ஒருவரும், தாதி ஒருவரும், கொழுந்து பறிக்கும் என் அம்மாவும் வகுப்புக்கு வந்தார்கள். ஆசிரியை வழியில் பறித்துக் கொண்டுவந்திருந்த தேயிலைக் கிளையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முற்றிய இலைகளை ஒன்றொன்றாகக் கழித்து மேசையில் போட்டு, மிஞ்சிய இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும் பிள்ளைகளுக்கு உயர்த்திக் காட்டினார். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோத் தேயிலைத்தூள்தான் கிடைக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீராகப் போய்விடும் என்று ஆசிரியை விளக்கியபோது, சுமந்தவர்களுக்கு அது தெரியும் என்று அம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

நான் சொல்ல வந்தது அட்டையிலிருந்த நான்காவது கேள்வியைப் பற்றி. "உங்கள் தொழிலில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" அம்மா உடனே பதில் சொல்லவில்லை. யாரும் அவரிடம் அதுவரை கேட்டிராத கேள்வி அது. அவர் உண்மையாக யோசித்துக்கொண்டிருந்தார். நேரம் போகிறது என்று ஆசிரியை திரும்பிக் கரும்பலகையில் "பசுமையான இயற்கைச் சூழல்" என்று எழுதினார், எல்லோரும் பார்த்து எழுதினோம். எழுதி முடிக்கும் நேரத்தில் அம்மா பேசினார்: "நிறுவை முடிஞ்சு, கூடை வெறுமையா முதுகில இருக்குமே, அந்த நேரம்." ஆசிரியை மிக நல்லவர், அம்மாவுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். கரும்பலகையை அவர் மாற்றவில்லை. அந்த அட்டை எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. நான்காவது விடை பசுமையான இயற்கைச் சூழல்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பத்தனை

மேலே எழுதிய அனைவரும் ஓர் அடிப்படையைத் தவறவிடுகிறீர்கள். குறை செயலட்டையில் இல்லை, காத்திருக்காத ஆசிரியரில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகள், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள் என்று காட்டின. அந்த இடைவெளியை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" என்ற பதில் குறைந்தது. தலவாக்கலை மாணவியின் கதை இதற்கு நேரான சான்று. ஆகவே ஆசிரியர்கள் முதலில் செய்ய வேண்டியது, கேள்வி கேட்டவுடன் சோக்கைக் கீழே வைப்பது. இரண்டாவது, பிள்ளை பதில் சொன்னபின்னும் உடனே "சரி" என்று சொல்லாமல் இன்னொரு தரம் காத்திருப்பது. பெரும்பாலும் அப்போதுதான் பதிலின் சுவையான பாதி வெளிவரும்.

அடுத்தது, வளமூட்டல் என்ற பெயரில் நாம் நடத்துவது வளமூட்டலின் முற்பகுதியே. அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோசப் ரென்சூலி 1977-இல் முன்வைத்த மாதிரியில் மூன்று வகைச் செயற்பாடுகள் உண்டு: புதிய துறைகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது, சிந்திக்கவும் ஆராயவும் வேண்டிய திறன்களைப் பழக்குவது, பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்த உண்மையான பிரச்சினையைத் தனியாகவோ சிறு குழுவாகவோ ஆராய்வது. நமது அட்டைகள் முதல் இரண்டுடன் நின்றுவிடுகின்றன. பண்டாரவளை ஆசிரியர் தம்மை அறியாமலே மூன்றாவதைத் தொட்டிருக்கிறார். ஆனால் கடிதங்களைப் பிள்ளைகளின் வாசிப்பு மட்டத்துக்கு ஏற்ப வகைப்படுத்தியிருக்கலாம், அளவுகளுக்கு வரைபும் வரையச் செய்திருக்கலாம், மாத இறுதியில் பெற்றோருக்கு ஒரு காட்சிப்படுத்தலும் வைத்திருக்கலாம். என் அனுபவம் என்று கேட்டால், பயிற்சி ஆசிரியை ஒருவரின் வகுப்பை மதிப்பிடச் சென்றபோது, கேட்ட கேள்விக்கு ஒரு பையன் மணி அடித்து எல்லோரும் வெளியேறிய பிறகு வாசலில் நின்று பதில் சொன்னான். என்ன கேள்வி என்பது நினைவில் இல்லை.

தரம் 4 ஆசிரியை, ஹட்டன் பக்கம்

விரிவுரையாளர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் நேரம் கொடுக்காமல் இல்லை. தாளைக் கிழியத் தேய்க்கும் அளவுக்கு அவளுக்கு நேரம் இருந்தது. அவள் யோசித்தே மாற்றினாள், அதுதான் என் கவலை. காத்திருப்பு நல்லதுதான், ஆனால் காத்திருந்து பெறும் பதிலை ஏற்பதற்கு அட்டையில் இடமில்லாவிட்டால் பிள்ளை அந்த நேரத்தை அழிப்பதற்குத்தான் பயன்படுத்துவாள். இப்போது நான் அட்டைகளைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு கோடு போட்டு, "நீ கண்டது" என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். அந்தப் பத்தியைப் பென்சிலால் எழுத விடுவதில்லை.

இன்னொன்று: அடுத்த அட்டை நிழல் பற்றியது. குச்சியை நட்டு நண்பகலில் நிழலை அளக்க வேண்டும். எங்கள் பக்கம் இந்த மாதத்தில் மழையும் பனிமூட்டமும் தவிர வேறில்லை. யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

ஆசிரியர், பண்டாரவளை

நாங்கள் சென்ற வாரம் செய்தோம். எங்களுக்கு மழை இல்லாவிட்டாலும் வெயிலுக்குக் குறைவில்லை. ஒரு மீற்றர்க் குச்சிக்கு நண்பகலை ஒட்டி ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர் நிழல் விழுந்தது. ஆனால் முன்கூட்டியே ஒன்றைக் கவனியுங்கள். அட்டையிலுள்ள படத்தில் நண்பகல் நிழல் வடக்கே விழுகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நம் நிழல் தெற்கேதான் விழும். மார்கழியில் செய்தால் படம் பொருந்தியிருக்கும். பிள்ளைகள் குச்சியைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காற்று என்று எழுதிய அதே மாணவி அட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பி நிலத்தில் வைத்து, இப்போது சரி என்று சொல்லிவிட்டு அளக்கத் தொடங்கினாள்.