பிரிஜியன் டாமினன்ட்டை வகுளாபரணம் என்றே வாசிக்கலாமா?

பெரம்பூர் கிட்டார்:
சென்ற ஞாயிறு ராயபுரத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஜாஸ் பயிற்சி செய்தபோது, ஈ செவன் கார்டு (ஈ-யை அடியாகக் கொண்டு சேர்ந்தொலிக்கும் நான்கு சுரங்கள்) வந்த இடங்களிலெல்லாம் நான் வகுளாபரணத்தை அப்படியே வாசித்தேன். மேற்கத்தியர் பிரிஜியன் டாமினன்ட் என்று சொல்லும் சுர வரிசை நம்முடைய 14ஆவது மேளகர்த்தாவான (ஏழு சுரமும் உள்ள தாய் ராகம்) வகுளாபரணம்தான். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என ஒரு சுரமும் மாறவில்லை. ஆகவே கர்நாடக இசை கற்றவருக்கு ஜாஸுக்கும் ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ இசைக்கும் இந்த ஒரு ராகமே போதும் என்பது என் கட்சி.

காசிமேடு வயலின்:
தம்பி, சுரங்கள் ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆதார சட்ஜம், அதாவது இசை வந்து ஓயும் அடிப்படைச் சுரம், எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. மைனர் சுருதியில் அமைந்த ஜாஸ் பாடல்களில் ஈ செவன் பெரும்பாலும் ஏ மைனரில் போய் இறங்குவதற்காகவே வருகிறது. அப்போது கேட்பவர் காதில் ஏ தான் சட்ஜம். நீங்கள் வாசிப்பது கீரவாணி ராகம், அதன் பஞ்சமத்தில் நின்றுகொண்டு கிரக பேதம் (வேறொரு சுரத்தைச் சட்ஜமாக வைத்து வாசிப்பது) செய்கிறீர்கள், அவ்வளவே. வகுளாபரணம் என்று எண்ணி மத்யமத்தில் நீண்டு நின்றால், அந்த ஏ, கார்டிலுள்ள ஜி ஷார்ப்போடு அரைச்சுர இடைவெளியில் உரசும்.

பெரம்பூர் கிட்டார்:
உரசல் உண்மைதான், அண்ணா. அன்று எனக்கே உறுத்தியது. ஆனால் ஃபிளமென்கோவில் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கி ஈ-யிலேயே ஓய்கிறார்களே, அங்கே சட்ஜம் ஈ தானே?

காசிமேடு வயலின்:
ஆம், அங்கே ஈ தான் வீடு. ஆயினும் ஜி கார்டில் சாதாரண காந்தாரமும், ஈ கார்டில் அந்தர காந்தாரமும் ஒலிக்கின்றன. இரண்டு காந்தாரங்கள் புழங்கும் இசையை ஒரே காந்தாரம் உள்ள மேளகர்த்தாவுக்குள் அடக்க முடியாது.

வியாசர்பாடி கீபோர்டு:
காசிமேட்டு அண்ணன் ஃபிளமென்கோவைப் பற்றிச் சொன்னது சரி. ஜாஸைப் பற்றிச் சொன்னது பாதிதான். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1960இல் வெளியிட்ட ‘ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்’ தொகுப்பிலுள்ள ‘சொலேயா’வைக் கேளுங்கள், 12 நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதில் கார்டுகள் ஓடிக்கொண்டே இருப்பதில்லை, ஏறக்குறைய நம் தம்பூராவைப் போல ஒரே ஆதாரத்தின் மேல் டிரம்பெட் விரிகிறது. அத்தகைய இடங்களில் ராக ஆலாபனை கற்ற கைக்கு நிச்சயம் வேலை உண்டு.

காசிமேடு வயலின்:
அதை மறுக்க மாட்டேன். ஆனால் தம்பி வாசித்தது அத்தகைய இடம் அன்று.

பெரம்பூர் கிட்டார்:
சரி அண்ணா, வரும் ஞாயிறு அந்த நான்கு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜி-யில் ஒரு காந்தாரமும் ஈ-யில் மற்றொன்றுமாக வாசித்துப் பார்க்கிறேன். நீங்களும் வயலினோடு வாருங்கள். வகுளாபரணம் என்ற பெயரை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.