கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் தானாக ஓட மாட்டேன் என்கிறது (பிளிங்க், டாஸ்க் ஷெட்யூலர்)

மாசிவீதி:
வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10. வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் இருப்புக் கணக்கைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. கடை அடைத்தபின் இரவு 11 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் ஒரு பேட்ச் ஃபைலை ஓட்டி, பிளிங்க் (புட்டியோடு வரும், சர்வரில் கட்டளை ஓட்டும் எஸ்எஸ்எச் கருவி) வழியாக அந்த ஸ்கிரிப்டை இயக்க வேண்டும். நானே டபுள் கிளிக் செய்தால் அழகாக ஓடுகிறது. இரவில் மட்டும் தொங்கிவிடுகிறது. காலையில் பார்த்தால் ‘ரன்னிங்’ என்றே நிற்கிறது, முடிவு 0எக்ஸ்41301. லாரி வாசலில் நிற்கிறது, திரையில் முந்தாநாள் இருப்பு. அண்ணாச்சி என்னைத்தான் பார்க்கிறார்.

வைகைக்கரை:
41301 பிழை இல்லை, ‘இன்னும் ஓடுகிறது’ என்று அர்த்தம். பிளிங்க் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. வெளியீட்டை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பி, பிழைச் செய்தியும் அதிலேயே விழ வரியின் கடைசியில் 2>&1 சேருங்கள். டாஸ்க் எந்த யூசர் பெயரில் ஓடுகிறது?

மாசிவீதி:
விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில். லாகில், ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளக் கீ) சேமிக்கவா, ஒய்யா (ஆம்) என்னா (இல்லை) என்று கேட்டு நிற்கிறது. அதற்கு எப்போதோ ஒய் கொடுத்தாயிற்றே!

வைகைக்கரை:
கொடுத்தது உங்கள் கணக்கில். புட்டி, ஹோஸ்ட் கீயை ரெஜிஸ்ட்ரியில் யூசருக்கு யூசர் தனியாக வைக்கும். சிஸ்டத்துக்கு உங்கள் சர்வர் புது முகம். சேமித்த செஷன் பெயர்களும் அதற்குத் தெரியாது.

சிம்மக்கல்:
எக்கோ ஒய் என்று போட்டு பைப் வழியாக பிளிங்குக்குக் கொடுங்கள். வேலை முடிந்தது.

வைகைக்கரை:
முடியும், கூடவே பாதுகாப்பும் முடிந்துவிடும் தம்பி. நடுவில் வேறு சர்வர் வந்து உட்கார்ந்தாலும் அதற்கும் ஒய் போய்விடும். வலையில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பேசாமல் -ஹோஸ்ட்கீ போட்டு, சர்வர் ஹோஸ்ட் கீயின் ஷா256 கைரேகையை (அந்தக் கீயின் சுருக்க அடையாளம்) அதிலேயே கொடுங்கள். கைரேகையை சர்வர் பக்கம் எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் கட்டளையால் எடுத்துக்கொள்ளலாம். கூடவே -பேட்ச் போடுங்கள். அப்புறம் எதையும் கேட்டு நிற்காது, முடியாவிட்டால் உடனே பிழை காட்டி வெளியேறும்.

மாசிவீதி:
தொங்குவது நின்றது. இப்போது ஆதரிக்கும் அங்கீகார முறை எதுவும் இல்லை என்று ஃபேட்டல் எரர். சர்வரில் பாஸ்வேர்ட் நுழைவை மூடிவிட்டோம், கீ மட்டும்தான்.

சிம்மக்கல்:
கீ பேஜன்ட்டில் (கீயை நினைவில் வைத்துக்கொடுக்கும் புட்டி புரோகிராம்) ஏற்றியிருக்கிறீர்களா? அது உங்கள் லாகினில் மட்டும் ஓடுவது. சிஸ்டம் கணக்கு அதைத் தொட முடியாது.

வைகைக்கரை:
அதேதான். டாஸ்க்கை உங்கள் பெயருக்கு மாற்றினாலும், லாகின் இல்லாத நேரத்தில் பேஜன்ட் கிடைக்காது. இந்த வேலைக்கென்றே புட்டிஜென்னில் பாஸ்ஃப்ரேஸ் (கீயைத் திறக்கும் ரகசியச் சொல்) இல்லாத புதுக் கீ செய்து, பிளிங்க் வரியில் -ஐ (-i) போட்டு அந்தக் கீயின் பிபிகே ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். மேப் செய்த டிரைவ் எழுத்து வேண்டாம், அதுவும் சிஸ்டத்துக்குத் தெரியாது. பாஸ்ஃப்ரேஸ் இல்லாத கீ என்பதால், கல்லாவில் உட்காருபவர்கள் அந்த ஃபைலைத் திறக்க முடியாதபடி அனுமதியைச் சுருக்குங்கள். சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் (நுழைய அனுமதித்த கீக்களின் பட்டியல்) அந்தக் கீ வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்றும், கமாண்ட்= என்று ஸ்கிரிப்டின் பாதையையும் எழுதிவிடுங்கள். கீ யார் கைக்குப் போனாலும் இருப்புக் கணக்கைப் புதுப்பிக்கத்தான் முடியும், வேறொன்றும் நடக்காது.

மாசிவீதி:
நேற்று இரவு ஓடியது, முடிவு 0எக்ஸ்0, அதாவது வெற்றி. கமாண்ட்= இன்னும் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை கடை லீவில் போட்டுப் பார்க்கிறேன். நன்றி அண்ணே.