அம்மாவுக்குப் படுக்கைப் புண்: கோவையில் இருப்பவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து கோவை அருகே ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நைட்டி மாற்றிவிடப் புரட்டியபோது ஒரு வாடை அடித்தது. வால் எலும்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுத்துப்போய், துணி அதில் ஒட்டியிருந்தது. நனைத்து மெல்ல எடுத்தேன். அம்மா கத்தக்கூட இல்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கேட்டால் "வயசானா வரத்தான் செய்யும்" என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாமே! ராத்திரியில் 14 பேருக்கு ஒரே ஆயா. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, நாளை டாக்டரிடம் காட்டிவிட்டு அம்மாவை வீட்டுக்கே கூட்டி வருகிறேன். வீட்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ் யாரையாவது தெரியுமா? ஏர் பெட் வாடகைக்கு எங்கே கிடைக்கும்?

அப்புறம், 14567 முதியோர் உதவி எண்ணிலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ புகார் கொடுத்தவர்கள் இருந்தால், என்ன கேட்டார்கள், யாராவது நேரில் வந்து பார்த்தார்களா என்று சொல்லுங்கள். தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதே அறையில் இன்னும் மூன்று பாட்டிகள் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை.