செட், சிட், சாட்: மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

தக்கலை:
மகள் எட்டாம் வகுப்பு. கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதினாள், அதில் 'தி சன் சாட் இன் தி சீ' என்று எழுதியதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறார்கள். சிட்டுக்கு இறந்த காலம் சாட் என்றால் செட்டுக்கும் சாட்தானே என்று கேட்கிறாள். செட் என்று போனில் போட்டால் 'அமை', 'தொகுப்பு' என்று வருகிறது, சூரியன் அமைந்தது என்றா சொல்வது? யாராவது சொல்லுங்கள், நாளைக்குத் திருத்தி எழுதிக்கொண்டு போக வேண்டும்.

குலசேகரம்:
அக்கா, எங்களுக்கு ரப்பர் உண்டு. பாலை டிஷ்சில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் ஆசிட் கலக்கி வைப்போம். அப்புறம் விரலால் அழுத்திப் பார்த்தால் கையில் ஒட்டாமல் கெட்டியாக நிற்கும், அதுதான் செட். சிமெண்டுக்கும் அதே சொல்தான். ஆனால் சூரியனுக்கு எப்படி வந்தது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

நாகர்கோவில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
வீட்டுக்கு வந்தவரை நாம் 'இருங்க' என்போமே, அந்த இருதான் சிட். செட் என்பது இருத்து. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்ததே 'இருக்கச் செய்' என்ற பொருளில்தான். விளக்கை மேசையில் இருத்தினாலும் அலாரத்தில் நேரம் வைத்தாலும் செட். ரப்பர் பாலும் சூரியனும் வேறு வகை, அங்கே யாரும் எதையும் இருத்துவதில்லை, பால் தானே உறைகிறது, பொழுது தானே அடைகிறது.

இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டு, டீ செட் என்கிறோமே, அது வேறு வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், இரண்டையும் கலக்க வேண்டாம். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் செட் என்ற வினைக்கு மட்டும் 430 பொருள் என்பார்கள், அதனால் பிள்ளை குழம்பியதற்குத் திட்ட வேண்டாம் அம்மா.

இறந்த காலத்திலும் செட் செட்தான், கட், புட் போல மாறாது. 'தி சன் செட்ஸ்' என்று கடைசியில் ஸ் இருந்தால் நிகழ்காலம், இல்லாவிட்டால் நடந்து முடிந்தது. ஐ, தே என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த ஸ் வராது, அங்கே மட்டும் எஸ்டர்டே மாதிரி காலச்சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தக்கலை:
ரொம்ப நன்றி சார். இரு, இருத்து என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள், 'தி சன் செட் அட் சிக்ஸ் தேர்ட்டி' என்று எழுதிவிட்டாள். இப்போது சன்செட்டைச் சேர்த்து எழுதுவதா பிரித்தா என்று கேட்கிறாள்.

நாகர்கோவில்:
சூரியன் மறையும் காட்சிக்கோ வேளைக்கோ பெயராக வந்தால் சேர்த்து. 'சூரியன் மறைந்தது' என்று வினையாக வந்தால் பிரித்து. அவள் எழுதியது வினை, பிரித்தே இருக்கட்டும்.