ஹங்கேரிய மொழி வழியில் டிகிரி: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி பிளஸ் டூ, பயாலஜி குரூப். ஹங்கேரி அரசின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிகும் ஸ்காலர்ஷிப்புக்குப் போடப் போகிறான். ஆங்கில வழிக்குப் போட்டி அதிகம், ஹங்கேரிய மொழி வழியில் போட்டால் சுலபம், முதல் வருஷம் மொழியை அவர்களே சொல்லித் தருவார்கள், மெடிசின்கூட எடுக்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? நாங்கள் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டிவரும்?

ராயபுரம் பாலு:
மெடிசின் என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய (என்எம்சி) விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில்தான் இருக்க வேண்டும், குறைந்தது 54 மாதம், அதன்பிறகு 12 மாத இன்டர்ன்ஷிப். ஹங்கேரிய வழியில் முடித்துவிட்டு வந்தால் இங்கே பிராக்டிஸ் செய்ய வழியில்லை. ஏஜென்ட் இதைச் சொல்லாமல் விட்டதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

மற்ற பாடங்களுக்கு, டிகிரிக்கு முன்னால் ஒரு வருஷ ஆயத்த வகுப்பு இருப்பது நிஜம். ஆனால் அதன் முடிவில் மொழித் தேர்வு உண்டு. தேறாவிட்டால் டிகிரிக்குள் போக முடியாது. ஒரே வருஷத்தில் லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுக்கும் அளவுக்கு வர வேண்டும், அதுதான் 'சுலபம்' என்பதன் விலை.

பெரம்பூர் வாத்தியார்:
மொழியைப் பார்த்து ரொம்பவும் மிரள வேண்டாம், நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஹாஸ் என்றால் வீடு, ஹாஸ்பன் வீட்டில், ஹாஸக்பன் வீடுகளில். நம் வேற்றுமை உருபு மாதிரியே கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். தடுக்குவது வேறு இடத்தில். தோட்டம் கெர்ட், ஆனால் தோட்டத்தில் என்பது கெர்ட்பென். சொல்லில் உள்ள உயிரெழுத்தைப் பார்த்து உருபும் பன், பென் என்று மாறும். வினையிலும் ஒரு சிக்கல்: 'ஒரு வீட்டைப் பார்க்கிறேன்' என்றால் லாத்தொக், 'அந்த வீட்டைப் பார்க்கிறேன்' என்றால் லாத்தொம்.

எஸ் எழுத்து தனியாக வந்தால் ஷ, எஸ்ஸும் இசட்டும் சேர்ந்தால்தான் ஸ. அதனால்தான் தலைநகர் புடாபெஸ்ட் உள்ளூர்க்காரர் வாயில் புடபெஷ்ட்.

தண்டையார்பேட்டை அக்கா:
மெடிசின் வேண்டாம், புரிந்தது. விண்ணப்பத்தில் எங்கே தப்பு நடக்கும்? பணம்?

ராயபுரம் பாலு:
இரண்டு இடத்தில் போட வேண்டும்: ஸ்காலர்ஷிப்பை நடத்தும் டெம்பஸ் அறக்கட்டளையின் தளத்தில் ஒன்று, நம் மத்திய கல்வி அமைச்சகத்தின் போர்ட்டலில் ஒன்று. ஒன்றை விட்டாலும் விண்ணப்பம் செல்லாது, பலர் விழுவது இங்கேதான். கடைசி நாள் வழக்கமாக ஜனவரி 15, அவர்கள் நேரம் மதியம் 2, நமக்கு மாலை 6.30. ராத்திரி 12 வரை இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் ஏ, பி, சி இல்லை என்று மருத்துவச் சான்றும் கேட்பார்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டியூஷன் ஃபீஸ் இல்லை. டிகிரிக்கு மாதம் 43,700 ஃபோரின்ட் (ஹங்கேரி நாணயம்) உதவித்தொகை தருவார்கள், நம் கணக்கில் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். ஹாஸ்டல் இலவசம், வெளியே தங்கினால் 40,000 ஃபோரின்ட் தருவார்கள். புடாபெஸ்ட் வாடகைக்கு அது காணாது, ஹாஸ்டலையே கேளுங்கள். விமான டிக்கெட் உங்கள் செலவு, சாப்பாட்டுக்கும் மாதாமாதம் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும்.

பெரம்பூர் வாத்தியார்:
பெயர் விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டுவிடுங்கள். ஹங்கேரியில் எந்த ஃபாரத்திலும் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கேட்பார்கள். அங்கே அது ஆளை அடையாளம் காணும் விவரம். இங்கே அம்மாவின் இனிஷியலே கல்யாணத்தோடு மாறிவிடும். அம்மாவின் பள்ளி டிசியில் இருக்கிறபடி ஒருதரம் முடிவு செய்துகொண்டு, எல்லா ஃபாரத்திலும் எழுத்து பிசகாமல் அதையே எழுதச் சொல்லுங்கள்.