சோயோன் பெயர் முத்திரை: ஹான்ஜாவா, ஹங்குலா?

வணக்கம். தென் கொரியாவின் சுவோன் நகரில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை சோயோனுக்கு வரும் சனிக்கிழமை தோல்ஜான்சி, அதாவது முதல் பிறந்தநாள் விருந்து. பெயர் முத்திரை செதுக்கிக் கொடுக்க ஆசை. கல்லைக் கையில் எடுத்த கடைக்காரர், "எந்த ஹான்ஜா?", அதாவது பெயரின் பொருளைக் காட்டும் சீன எழுத்து எது என்று கேட்டுவிட்டு உளியைக் கீழே வைத்துவிட்டார். அழைப்பிதழில் ஒலியை மட்டும் காட்டும் கொரிய எழுத்தான ஹங்குல் மட்டுமே இருக்கிறது.

அகராதியைப் புரட்டினேன். ஒரே ஒலிக்குப் பல ஹான்ஜா: 'சோ' மங்கலமும் ஆகும், எழுத்தும் ஆகும். 'யோன்' அழகு, தாமரை என்று நீள்கிறது. 2000களில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைத்த பெயர் இது, அதை எழுதும் ஹான்ஜா இணைகளும் ஏராளம். கொரிய நண்பர்கள் இருவரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெற்றோரிடம் கேட்டால் பரிசு தெரிந்துவிடும். தவறான பொருளைக் குழந்தையின் பெயரில் செதுக்க மனம் வரவில்லை. கடைக்கு மூன்று நாள் வேண்டும்.

ஹங்குலில் மட்டும் செதுக்கிக் கொடுத்தால் முறையாக இருக்குமா?